அம்மாவுக்கு எடுப்பான நிறம்

நான் வேலை செய்யும் புடவைக்கடை கிளிநொச்சியில், கண்டி வீதியைப் பார்த்தபடி இருக்கிறது. சேலை எடுக்க வருகிற பெண்கள் விலை கேட்பதற்கு முன்பே ஒரு காரியம் செய்வார்கள். சேலைத் தலைப்பைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறென்று வாசலுக்குப் போய் வெயிலில் நிற்பார்கள். மற்ற முனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவது என் வேலை. முதலாளிக்கு இது பிடிக்காது. வீதித் தூசி படும் என்பார். எனக்கோ அந்தக் கடையில் இதைவிடப் பிடித்த காட்சி இல்லை. உள்ளே டியூப் லைட்டுக்குக் கீழே கத்தரிப்பூ நிறமாக இருந்த சேலை வாசலில் வேறொன்றாகிவிடும். சேலை மட்டுமா? கட்டப்போகிறவரின் முகமும் மாறும். ஒரு நிறத்தில் கண்ணுக்குக் கீழே உள்ள கருமை இரண்டு மடங்காகத் தெரியும். இன்னொன்றில் அது இருந்த இடமே தெரியாது.

"உது எனக்கு எடுப்பா இல்லைப் பிள்ளை. மற்றதைக் காட்டு."

அவ்வளவுதான். ஏன் எடுப்பாக இல்லை என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்டேன்.

யாழ்ப்பாணத்தில் ஆடை வடிவமைப்பில் ஒரு டிப்ளோமா முடித்துவிட்டு வந்து, அந்தப் படிப்புக்கு இங்கே வேறு வேலை இல்லாததால் சேலைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்த காலம். கையில் போன். போனில் ஒரு கொரியப் பெண் கண்ணாடிக்கு முன்னால் கதிரையில் இருக்க, இன்னொருத்தி அவள் கழுத்துக்குக் கீழே துணிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் போட்டு எடுத்தாள். ஒரு துணிக்கு முகம் வாடியது. அடுத்ததற்கு விளக்கேற்றினது போல ஆனது. கடைசியில், நீ கோடைகாலத்துப் பெண் என்று சொன்னார்கள். அந்தப் பெண் அழுதாள். நிறம் சொன்னதற்கு ஒருத்தி அழுவாளா என்று எனக்கு அன்று சிரிப்பு வந்தது.

இதன் வேரைத் தேடிக்கொண்டு போனேன். எதையும் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கிறவள் என்று அம்மா என்னைச் சொல்லுவார். இதை நான் விடவில்லை. பஸ்ஸிலும், சாப்பாட்டு நேரத்திலும், மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற நேரத்திலும் வாசித்தேன்.

முதல் கதை பாரிஸில். ஏறக்குறைய இருநூறு வருடங்களுக்கு முன்னால் அங்கே அரசாங்கத்துத் திரைச்சீலை நெய்கிற சாலை ஒன்றில், சாயப் பகுதிக்குப் பொறுப்பாக ஒரு இரசாயன அறிஞர் இருந்தார். உங்கள் கறுப்புச் சாயம் சரியில்லை, கறுப்பு கறுப்பாகத் தெரியவில்லை என்று அவரிடம் முறைப்பாடு வந்தது. அவர் சாயத்தைச் சோதித்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் அந்தக் கறுப்பை வெளிற வைத்திருந்தன. ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதைப் பக்கத்தில் இருக்கிற நிறம்தான் தீர்மானிக்கிறது. இதை வாசித்த அன்று கடையில் கறுப்புச் சட்டைத் துணி ஒன்றை எடுத்து எல்லாச் சேலைகளோடும் வைத்து வைத்துப் பார்த்தேன். மடித்துவைத்த அடுக்கெல்லாம் குலைந்து போனதில் முதலாளியிடம் நல்ல ஏச்சு.

இரண்டாவது கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நூறு வருடங்களுக்கு முன்னால் ஜேர்மனியில் ஒரு கலைப் பள்ளி. அங்கே ஒரு ஆசிரியர், இன்ன நிறத்தோடு இன்ன நிறம் இசையும் என்று சொல்லிக்கொடுத்து அதையே தீட்டச் சொன்னார். மாணவர்களுக்குப் பிடிக்கவில்லை. வகுப்பு முணுமுணுத்தது. அப்படியானால் உங்களுக்கு எது இசைவாகப் படுகிறதோ அதைத் தீட்டுங்கள் என்று விட்டுவிட்டார். அவர்கள் தீட்டியதை எல்லாம் பரப்பிப் பார்த்தபோது, எது யாருடையது என்று அவரால் சொல்ல முடிந்ததாம். ஒவ்வொருவரும் தம்மை அறியாமல் தமது தலைமயிரின், கண்ணின், தோலின் நிறங்களைச் சேர்த்தே தீட்டியிருந்தார்கள். ஒருவரைச் சும்மா விட்டால் அவர் தன்னுடைய நிறத்தைத் தானே எடுத்துக்கொள்வார். கிளிநொச்சி பஸ் நிலையத்தில் நின்று இதை வாசித்துவிட்டு, வந்த பஸ்ஸை நான் தவறவிட்டேன்.

பிறகு அமெரிக்காவில் தொப்பியும் உடுப்பும் செய்த ஒரு பெண், மனிதரின் நிறங்களுக்கு இளவேனில், கோடை, இலையுதிர், குளிர் என்று பருவங்களின் பெயர்களை வைத்து வகை பிரித்தார். இன்னும் பிறகு அது புத்தகமாக வந்தது. பெண்கள் தங்கள் நிறத் துண்டுகளை விசிறி மாதிரிக் கோர்த்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனார்கள். இப்போது போனுக்குள் புகுந்து, எங்கள் ஊர் முரசுமோட்டையில் என் உள்ளங்கையில் வந்து கிடந்தது.

கடையில் என்னோடு நிற்கும் தோழி மலையகத்துக் குடும்பம். அவளுடைய அப்பா சிறுவனாக இருந்தபோது தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர்கள். அவளைத்தான் முதலில் பிடித்தேன். சாப்பாட்டு நேரத்தில், சாமான் அறை யன்னலடியில் இருத்தி, வெட்டுத் துண்டுகளைக் கழுத்தில் போட்டுப் பார்த்தேன்.

"நீ குளிர்காலம்," என்றேன்.

"இந்த வேர்வையிலயா?" என்று துண்டாலேயே கழுத்தைத் துடைத்தாள். "சீசன்னா நுவரெலியாவுலதான்டி. ஏப்ரல் மாசம் வரும். குதிர ஓடும், பூக்கண்காட்சி வைப்பாங்க. கிளிநொச்சிக்கு ஏது சீசன்? ஒன்னு வெள்ளம், இல்லன்னா வெயிலு."

"பகிடி விடாதை. உன்ர தலைமயிர் கறுப்பு, கண் கறுப்பு. அப்ப குளிர்காலம் எண்டுதான் போட்டிருக்கு."

"அப்ப நீ?"

"நானும் குளிர்காலம்."

"முதலாளி?"

"குளிர்காலம்தான்."

"அப்ப இது என்னடி படிப்பு? எல்லாருக்கும் ஒரே ரிசல்ட்டா?"

அவள் சொன்னது சரி. வெள்ளைத் தோல்களைப் பார்த்து வைத்த பெயர்கள் அவை. இங்கே இலை மஞ்சளாகி உதிர்வதுமில்லை, பனி கொட்டுவதுமில்லை. எங்கள் முகங்களை எல்லாம் அந்த அட்டவணை ஒரு மூலையில் தள்ளிவிட்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிடச் சந்தோசம் வந்தது, ஏனென்றால் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. எங்களுக்கு நானே பருவங்கள் வைத்தேன். விதைத்த நெல் முளைத்து நிற்கிற இளம்பச்சைக் காலம். கதிர் முற்றுகிற மஞ்சள் காலம். அரிவு வெட்டு முடிந்து வைக்கோலும் வெடித்த களிமண்ணுமாகக் கிடக்கிற காலம். மாரியில் குளம் நிரம்பி, வானமும் தண்ணீரும் ஒரே சாம்பலாகிற காலம். கடையில் மிஞ்சின துண்டுகளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு கட்டாக ஊக்கு குத்திக் கோர்த்தேன். போனில் ஒரு பேஜ் தொடங்கலாம், எங்கள் தோலுக்கு எங்கள் பருவங்களைச் சொல்லலாம் என்று நினைக்க நினைக்க இருப்புக் கொள்ளவில்லை.

இளம் முகங்கள் கிடைத்தன. வெயிலில் காய்ந்த, வயது போன ஒரு முகம் வேண்டியிருந்தது. வீட்டிலேயே இருந்தது.

அம்மாவின் அலுமாரியைத் திறந்தால் கோயில் திருவிழாவுக்குள் போனது போல இருக்கும். குங்குமச் சிவப்பு, கிளிப்பச்சை, அரக்கு, மாம்பழ மஞ்சள். கிழமை முழுக்க வயலையும் இரண்டு மாட்டையும் பார்த்துக்கொண்டு பழஞ்சட்டையோடு திரிகிறவர், வெள்ளிக்கிழமை வந்தால் இவற்றில் ஒன்றைக் கட்டி, நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்துக் கோயிலுக்குப் புறப்படுவார். வெளிர் நிறம் ஒன்றுகூட அந்த அலுமாரியில் இல்லை. ஒருமுறை கடையிலிருந்து சாம்பல் நிற நூல் சேலை ஒன்று கொண்டுவந்து கொடுத்தேன். தடவிப் பார்த்தார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "நல்ல வடிவு," என்றார். அடுத்த நாள் காலையில் அதைப் பைக்குள் வைத்துத் தந்து, "மாத்திக்கொண்டு வா பிள்ளை. கொஞ்சம் கடும் நிறமா," என்றார்.

காரணம் எனக்குத் தெரியாததல்ல. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். போரின் கடைசி நாட்களில், சனத்தோடு சனமாக நாங்கள் வட்டுவாகல் பாலத்தைத் தாண்டி வந்தபோது அப்பாவை வரிசையிலிருந்து ஆமிக்காரர் வேறாக்கினார்கள். நான் அம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னப்பிள்ளை. எங்கள் இருவரையும் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு அப்பா இருக்கிறார் என்றும் யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லாத வரைக்கும் அம்மா சுமங்கலி. சிவப்புக் கட்டினால் காத்திருக்கிறார் என்று பொருள். ஒருநாள் வெள்ளையோ வெள்ளைக்குக் கிட்டின நிறமோ கட்டினால், புருஷனை முடித்துவிட்டார் என்று ஊர் எடுத்துக்கொள்ளும்.

ஊர் கூடப் பரவாயில்லை. மாமி இருக்கிறார். அப்பாவின் அக்கா, அடுத்த காணியில் தனியாக இருப்பவர். மாமியின் புருஷன் ஷெல் விழுந்து கண்முன்னால் போனவர். மாமி தன் கையாலேயே மண் தள்ளினவர். அதனால் மாமிக்குச் சந்தேகம் இல்லை, வெள்ளைதான். இந்தக் காலத்தில் முழு வெள்ளை கட்டுகிறவர்கள் குறைவு. மாமி கட்டுகிறார். கூடப்பிறந்தவர்களில் மிச்சம் என்று அவர் நம்பிக்கொண்டிருப்பது அப்பா ஒருவரைத்தான். வெள்ளிக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து வயல் வரம்பால் நடந்து போவார்கள், மாமியின் வெள்ளைக்குப் பக்கத்தில் அம்மாவின் சிவப்பு. அந்தப் பாரிஸ்காரர் பார்த்திருந்தால் சொல்லியிருப்பார், வெள்ளைக்குப் பக்கத்தில்தான் சிவப்பு இன்னும் சிவப்பாகும் என்று.

அப்பாவின் பருவத்தையும் கண்டுபிடிக்கப் பார்த்தேன். இருப்பது ஒரே படம். அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, பிளாஸ்டிக் போட்டு ஒட்டினது. காணாமல் போனவர்களைத் தேடுகிற மற்ற அம்மாக்களோடு வீதியோரப் போராட்டத்தில் இருக்கும்போது அம்மா மடியில் பிடித்திருப்பது அதைத்தான். வெயில் அந்தப் படத்திலிருந்து சிவப்பையும் மஞ்சளையும் தின்றுவிட்டது. இப்போது அப்பாவின் முகம் நீலம். நீல முகத்தில் தோலின் நிறத்தை எப்படிப் படிப்பது? அம்மாவைக் கேட்டேன்.

"உன்ர நிறம்தான்," என்றார்.

மாரி தொடங்கி, இரண்டு மழைக்கு நடுவில் வெளித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. அம்மாவின் அறை யன்னல் வடக்குப் பக்கம். நேரே வெயில் அடிக்காது, வெளிச்சம் ஒரே சீராக வரும். நிறம் பார்க்க அதுதான் நல்லது. அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் கதிரையைப் போட்டேன்.

"என்ர மூஞ்சையில என்ன கிடக்கெண்டு பாக்கப்போறாய்?"

"அதைத்தான் பாக்கப்போறன். இருங்கோ அம்மா."

"மாடு அவிட்டுக் கட்டேல்லை."

"மாடு ஓடாது. இருங்கோ."

"உனக்கு விசர்," என்று சொல்லிக்கொண்டு முகம் கழுவி வந்து இருந்தார். வெட்கப்பட்டார். நான் அவருக்குச் செய்முறையை விளக்கினேன், படித்த திமிரோடு. முகத்தில் பூச்சு ஒன்றும் இருக்கக்கூடாது. தோடு, சங்கிலி மின்னக்கூடாது. உடுப்பின் நிறமும் தலைமயிரின் நிறமும் தெரியக்கூடாது. எல்லாவற்றையும் வெள்ளைத் துணியால் மூடி, வெறும் முகத்தை மட்டும் விடவேண்டும். அந்த வெறுமையிலிருந்துதான் நிறங்களைத் தொடங்கவேண்டும்.

"தோட்டைக் கழட்டுங்கோ. கொடியை உள்ளுக்க விடுங்கோ."

தாலிக்கொடியைச் சட்டைக்குள் விட்டார்.

"பொட்டையும் எடுக்கவேணும்."

"பொட்டையுமோ?"

"சிவப்பு நடுவில நிண்டா மற்ற நிறத்தைக் கெடுக்கும் அம்மா. கொஞ்ச நேரம்தானே."

அம்மா கண்ணாடியில் ஒருமுறை நெற்றியைப் பார்த்தார். பிறகு துவாயின் ஈர முனையால் துடைத்தார். குங்குமம் இருந்த இடம் மற்ற நெற்றியைவிட வெளிறிப்போய், துடைத்த பிறகும் ஒரு பொட்டாகவே தெரிந்தது. வெயில் படாத தோல். எனக்கு அதுவும் ஆர்வமாக இருந்தது. உங்கள் உண்மையான நிறம் இதுதான் அம்மா என்று விரலால் தொட்டுக் காட்டினேன்.

கடையிலிருந்து கொண்டுவந்த வெள்ளை லைனிங் துணி தலையை மூடப் போதவில்லை. பெரிய வெள்ளைத் துணி ஒன்று வேண்டும், பூவும் கரையும் இல்லாமல், என்றேன்.

அம்மா எழுந்து அலுமாரியைத் திறந்து, குனிந்து, அடித்தட்டில் சிவப்புகளுக்கும் பச்சைகளுக்கும் கீழே கையை விட்டு ஒரு சேலையை எடுத்தார். வெள்ளை நூல் சேலை. உடுத்தாத சேலை. மடிப்பு மடிப்பாகப் பழுப்பேறியிருந்தது.

"இது எப்ப வாங்கினது?"

"முகாமால வந்த வருசம்."

நல்லதாகப் போயிற்று என்றேன். நான் சொன்னது அதுதான். கரை இல்லை, அளவு காணும், பழசானதால் வெள்ளையின் கூர்மை கொஞ்சம் தணிந்து கண்ணுக்கு இதமாக இருக்கிறது, இதைவிடத் தோதான துணி கிடைக்காது என்று சொல்லிக்கொண்டே அதை உதறி, அம்மாவின் தோளைச் சுற்றிப் போட்டு, தலையையும் மூடி, நாடியடியில் ஊக்கு குத்தினேன்.

கண்ணாடியில் பார்த்தேன். அம்மாவின் முகம் அப்படி வந்து நின்றதை நான் அதற்கு முன் கண்டதில்லை. கண்ணுக்குக் கீழே இருந்த கருமை போய்விட்டது. வாயைச் சுற்றி இருந்த சோர்வுக் கோடுகள் இளகின. வெயில் கருக்கின தோலுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய சாம்பல் குளிர்ச்சி மேலே வந்தது. மாரிக் குளத்தின் பருவம். என்னுடைய நான்காவது கட்டு. ஒரு நிறத் துண்டும் வைக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மா, பாருங்கோ."

அம்மா பார்த்தார். கனநேரம் பார்த்தார். தலையை ஒருபக்கம் சரித்து, பிறகு மற்றப் பக்கம் சரித்து, கடை வாசலில் நிற்கிற பெண்களைப் போலவே பார்த்தார்.

"வெள்ளை எனக்கு எடுப்பா இருக்கு, என்ன?"

"ஓம்," என்றேன். சந்தோசத்தோடு சொன்னேன். சொன்ன பிறகுதான் அந்தக் கேள்வி எனக்குக் கேட்டது.

பொட்டில்லாத நெற்றி. கொடி தெரியாத கழுத்து. தலையை மூடின வெள்ளை. எங்கள் ஊரில் இப்படி ஒரு பெண்ணை இருத்துகிற நாள் ஒன்றுதான்.

கையில் சிவப்புத் துண்டு இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அதை வெள்ளையின் மேல் வைத்தேன். முகம் உடனே மஞ்சளித்து, பத்து வயது கூடி, களைத்துப் போனது. அம்மா அதையும் பார்த்துச் சிரித்தார். "கலியாணக் கூறையும் உப்பிடிச் சிவப்புத்தான். அண்டைக்கும் உந்த மூஞ்சையோடதான் இருந்திருப்பன்."

அப்போதுதான் வாசலில் மாமி.

பாகற்காய்ப் பையோடு வந்திருந்தார். பின்பக்கத்தால் குசினிக்குள் வந்து, ஒருவரையும் காணாமல் அறைக்கு வந்திருக்கவேண்டும். வாசலில் ஒரு வெள்ளை, கண்ணாடிக்குள் ஒரு வெள்ளை. மாமி அழவில்லை, கத்தவில்லை. பையை மெதுவாக நிலத்தில் வைத்தார், உள்ளே முட்டை இருப்பது போல.

"எப்ப செய்தி வந்தது?"

நான் சிவப்புத் துண்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"தம்பிக்கு என்ன நடந்ததாம்? ஆர் வந்து சொன்னது? ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"ஒரு செய்தியும் வரேல்லை மச்சாள்," என்று அம்மா எழும்பினார். "பிள்ளை நிறம் பாக்கிறாள். படிப்புக்கு. அவள் சொல்லித்தான் போட்டனான்."

மாமி கட்டில் விளிம்பில் இருந்தார். இருந்தார் என்று சொல்வதைவிட, கட்டில் அங்கே இருந்ததால் விழவில்லை என்று சொல்லலாம். தண்ணீர் கேட்டார். அம்மா குசினிக்கு ஓடிப் போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார், அந்த அவசரத்தில் தலை மூடின வெள்ளையோடேயே. மாமி செம்பை வாங்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"உதைக் கழட்டு மச்சாள். முதல் உதைக் கழட்டு. பிறகு தண்ணி தா."

நான்தான் ஊக்கைக் கழற்றினேன். அம்மா கொடியை வெளியே எடுத்து விட்டு, சாமி அறைக்குப் போய்க் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தார். வெளிறிய பொட்டின் மேல் சிவப்புப் பொட்டு சரியாக மூடிக்கொண்டது. மாமி அப்போதுதான் திரும்பினார். அந்த நெற்றியைப் பார்த்தார். தண்ணீர் குடித்தார். பாதி சேலையில் சிந்தியது.

"நெஞ்சு நிண்டுபோச்சு எனக்கு," என்றார். பிறகு என்னைப் பார்த்து, எல்லாவற்றையும் பகிடியாக்கிவிட வேண்டும் என்று நினைத்தவர் போலக் கேட்டார். "சரி, உந்தப் படிப்பு என்ன சொல்லுது? கொம்மாவுக்கு எந்த நிறமாம் எடுப்பு?"

மாமி என் வாயைப் பார்த்தார். அம்மாவும்தான். அம்மாவின் முகத்தில் எனக்கு உதவி ஒன்றும் இல்லை. கட்டிலில் வெள்ளைச் சேலை குவியலாகக் கிடந்தது.

"சிவப்பு மாமி," என்றேன். "அம்மாவுக்குச் சிவப்புத்தான் வலு எடுப்பு."

"உதுக்குப் படிக்கவேணுமே? பொம்பிளை பாக்கப் போன அண்டைக்கே நான் தம்பிக்குச் சொன்னனான், சிவப்புக் கட்டினா உந்தப் பெட்டை விளக்கு மாதிரி இருப்பாளெண்டு." மாமியின் குரல் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. "பாகற்காய் கொஞ்சம் முத்தல். உப்பில போட்டுப் பிழிஞ்சு கறி வையுங்கோ."

மாமி போன பிறகு அம்மா மாட்டை அவிழ்த்துக் கட்டினார். சமைத்தார். பாகற்காயை உப்பில் போட்டுப் பிழிந்தார். பின்னேரம் அந்த வெள்ளைச் சேலையைச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்தார், மடிப்புப் பழுப்பு போகும்வரை. பிழிந்துகொண்டு வெளியே கொடிக்குப் போகாமல் உள்ளே வந்தார். விறாந்தையில்கூடப் போடவில்லை. வெளியில் காயப்போட்டால் வீதியால் போகிறவர்கள் காண்பார்கள். அறைக்குள் சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, நானும் ஒரு முனையைப் பிடிக்க, அதை நீட்டி விரித்துப் போட்டார்.

"பொய் சொல்லிப்போட்டாய்," என்றார், சேலையின் மறுபக்கத்திலிருந்து. முகம் தெரியவில்லை.

"என்ன பொய்?"

"கண்ணாடி எனக்கும் தெரியும்தானே."

நான் கேட்கக்கூடாததைக் கேட்டேன். அம்மாவின் முகம் மறைந்திருந்ததால்தான் கேட்க முடிந்தது.

"அப்பா இல்லையெண்டு நினைக்கிறீங்களோ அம்மா?"

அம்மா சேலையின் சுருக்கத்தைக் கையால் இழுத்து இழுத்து விட்டார்.

"முகாமால வந்து, முதல்முதல் கையில கிடைச்ச காசில உதைத்தான் எடுத்தனான். அண்டைக்கே தெரியும் எனக்கு. ஏன் தெரியும் எண்டு கேக்காதை, தெரியும். கட்டுவம் எண்டு எடுத்துவைச்சன். அண்டைக்குப் பின்னேரம் மச்சாள் வந்தா. வந்தவ முதல் என்ர நெத்தியைத்தான் பாத்தா. பிறகுதான் முகத்தைப் பாத்தா. அண்டையில இருந்து இண்டைவரைக்கும் அப்பிடித்தான். அவ நெத்தியைப் பாத்து மூச்சு விடுவா. நான் எப்பிடி அதை அழிக்கிறது?"

"மாமிக்காகவோ? இவ்வளவு நாளும்?"

"மாமிக்கு மட்டுமே?" என்றார் அம்மா. கோபமில்லை. "நீயும் அப்பிடித்தான். பள்ளிக்கூடத்தால ஓடி வருவாய். படலையைத் திறந்த உடனை முதல் என்ர நெத்தியைப் பாப்பாய். பாத்துப்போட்டுத்தான் பையை எறிஞ்சுபோட்டு விளையாடப் போவாய். உனக்கு ஞாபகம் இல்லை."

எனக்கு ஞாபகம் இல்லை. அந்த ஜேர்மன் ஆசிரியரை நினைத்துக்கொண்டேன். சும்மா விட்டால் ஒவ்வொருவரும் தம் நிறத்தை எடுத்துக்கொள்வார்கள். அம்மாவும் எடுத்திருந்தார். முதல் காசில், ஒருவரும் சொல்லாமல், தனக்குச் சரியானதைக் கடையில் தெரிந்து எடுத்திருந்தார். பிறகுதான் நாங்கள் அவரைச் சும்மா விடவில்லை.

மாரிக் காலத்தில் துணி காயாது. அந்தச் சேலை மூன்று நான்கு நாட்கள் அறைக்குள் தொங்கியது. வெள்ளைத் துணி தன்மேல் விழுகிற வெளிச்சத்தைத் திருப்பி எறியும். நிறம் பார்க்கிற வித்தை முழுக்க அதுதான், பக்கத்திலுள்ள துணி முகத்தில் எறிகிற வெளிச்சம். வடக்கு யன்னலால் வந்த மழைக்கால வெளிச்சம் அந்தச் சேலையில் பட்டு அறையெல்லாம் பரவியது. அம்மா அதற்குக் கீழே பாயைப் போட்டு இருந்து அரிசியில் கல் பொறுக்கினார். விறாந்தையில் இருந்து செய்கிற வேலை அது. அந்த நாட்களில் உள்ளே கொண்டுவந்து செய்தார். இரண்டாம் நாள் பழஞ்சட்டை ஒன்றுக்கு அங்கேயே இருந்து கை தைத்தார். தலையை நிமிர்த்தும்போதெல்லாம் அந்த முகம் வந்தது, கண்ணாடியில் வந்த அதே முகம். படம் எடுக்க எனக்குக் கை வரவில்லை. அரிசியில் கல் இருந்ததாகவும் எனக்குத் தெரியவில்லை.

புதனோ வியாழனோ, நான் வேலையால் வந்தபோது கயிறு மட்டும் இருந்தது. சேலை அடித்தட்டுக்குப் போய்விட்டது, புதிய மடிப்புகளோடு. அறை பழையபடி இருண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை அம்மா குங்குமச் சிவப்புக் கட்டினார். கண்ணாடியைப் பார்க்காமலே கொசுவத்தைச் செருகினார். பொட்டு வைக்கும்போது மட்டும் கண்ணாடிக்குக் கிட்டப் போனார். மாமி வந்து படலையடியில் நின்றார், வெள்ளையில், கையில் அர்ச்சனைத் தட்டோடு. நான் விறாந்தையில் நின்றேன். அம்மா வாசற்படியால் இறங்கி வந்தார். மாமி முதலில் அவருடைய நெற்றியைப் பார்த்தார்.

நானும் அங்கேதான் பார்த்தேன். பிறகுதான் முகத்தைப் பார்த்தேன்.